ஒரு நிமிட நிறுத்தம்

மாணவர் பேருந்துகளைத் தனியாரிடம் ஒப்படைத்தபோது, நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் என்று ஒப்பந்தத்தில் எழுதிய அதிகாரி நான். ஒட்டிய கன்னமும் வெளுத்த காக்கிச் சட்டையுமாக ஒரு ஓட்டுநர் என்னைப் பார்க்க வந்தார். குரும்பகரம் நிறுத்தத்தில் கால் சரியில்லாத ஒரு சிறுமிக்காக வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருப்பது அவர் வழக்கம்.

“மூணு நிமிஷமாக்குங்க ஐயா. அந்தப் புள்ள கால இழுத்துக்கிட்டு வரணும்.”

“அவ்வளவு பாசம்னா நீங்களே தூக்கிட்டு ஓடி வாங்களேன்” என்றேன். குமாஸ்தாக்கள் சிரித்தார்கள்.

“சரிங்க ஐயா.”

மறுநாளிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடினார். இருக்கையை விட்டு இறங்கியது குற்றம் என்று நிறுவனம் எனக்குப் புகார் அனுப்பியது. ‘ஐயா சொன்னபடி செய்தேன்’ என்று அவர் விளக்கம் எழுதித் தந்தார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவரை வேலையிலிருந்து நீக்கலாம் என்று எழுதினேன். சிறுமியின் படிப்பும் அத்தோடு நின்றது.

என் கேலியை அவர் உத்தரவாகவே எடுத்துக்கொண்டாரா, என்னைக் குத்திக்காட்டினாரா? தெரியவில்லை. அவர் என்னை நம்பியிருக்கக் கூடாது என்றுதான் இந்த வயதில் வேண்டிக்கொள்கிறேன்.