செல் விழுந்த சேதி

என் கடை போர்டில் ‘செல்’ என்ற எழுத்தை அழித்து மூன்று வருஷம் ஆகிறது. குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். யார் எதைச் சொன்னாலும் பாதியைக் கேட்டு மீதியை நானே சேர்த்துக்கொள்கிற ஆள். அந்தப் புத்தியால் யோகராணி அக்காவுக்கு நான் செய்தது இன்றுவரை செரிக்கவில்லை.

அக்கா மன்னார்க்காரர். 2006இல் படகேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, கடைசியில் எங்கள் பக்கத்து அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். எங்களிடம் எங்கள் ஊர் வார்த்தையாகத் தேடித் தேடித்தான் பேசுவார். அவருடைய பேச்சுக்குச் சிரிக்கிற கூட்டம் இங்கே ஜாஸ்தி. நானும் சிரித்திருக்கிறேன்.

புருஷன் செத்ததை ஒருநாள் சொன்னார். கோயில் மண்டபத்தில் அறுபது குடும்பம் ஒதுங்கியிருந்தது. ராணுவம் அடித்த குண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு நேராகக் கஞ்சி ஊற்றுகிற இடத்தில் விழுந்தது. வரிசையில் நின்றவர்களில் நாலு பேர்தான் எழுந்தார்கள். புருஷனை அவர் கட்டியிருந்த சாரத்தை வைத்து அடையாளம் கண்டாராம். இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கை போயிருந்தது. கொதிக்கிற கஞ்சியில் விழுந்த பிள்ளையை அவள் மற்றக் கையால் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாயில சுத்தி, காலால மண்ணத் தள்ளிட்டு ஓடிட்டம் தம்பி,” என்றார் அக்கா.

மகள் சுகந்தியை வன்னியில் கட்டிக்கொடுத்திருந்தது. மருமகன் காணாமல் போய்விட்டார். சுகந்தியும் இரண்டு பிள்ளைகளும் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். மூன்று பேரும் அங்கிருந்து வெளியே போய்விட்டார்கள் என்ற ஒரு வார்த்தை கேட்க, 2009 பிறந்ததிலிருந்து அக்கா சாயங்காலம் தவறாமல் என் கடைக்கு வருவார். அவரிடம் போன் இல்லை. வவுனியாவில் இருந்த தம்பி முறைக்காரன் என் நம்பருக்குத்தான் பேசுவான்.

மாசி மாதம் ஒருநாள், அவர் ரோட்டைக் கடக்கும்போது மணி அடித்தது. “அக்கா, செல்லு வருது, ஓடியா” என்று கத்தினேன். அக்கா பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பெண்ணை இழுத்துக் கீழே தள்ளி, அவள்மேல் கவிழ்ந்துகொண்டார். பெண்ணுக்கு முட்டி கிழிந்து ரத்தம். அவள் அப்பன் கோவிந்தசாமி ஓடிவந்து அக்காவைக் கன்னத்தில் அறைந்தான். அக்கா உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, “தல சுத்திட்டுது” என்று மட்டும் சொன்னார். சோடா உடைத்துக் கொடுத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

சித்திரை பிறந்த நாலாம் நாள் வவுனியாக்காரன் பேசினான். லைன் கரகரத்தது.

“சுப்பராயலு அண்ணை, அக்காட்ட சொல்லுங்கோ. செல் விழுந்திட்டுது. சுகந்தியும் பிள்ளையளும் போயிட்டினம்.”

அதோடு லைன் அறுந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு முந்திரிக் கொட்டகைக்கு சைக்கிளை மிதித்தேன். பொட்டலத்தை வாசலில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்த மலர்க்கொடியிடம் கொடுத்துவிட்டு, இருபது பெண்கள் முன்னால் சொன்னேன்.

“அக்கா, நல்ல சேதி. செல்லு கீழ விழுந்துடுச்சாம், அதான் இத்தினி நாளா பேச முடியல. மூணு பேரும் வெளிய போய்ட்டாங்களாம்.”

அக்காவின் கையில் கொட்டை உடைக்கிற கட்டை அப்படியே நின்றது.

“அவன் சொன்னத அப்பிடியே சொல்லுங்க தம்பி. ஒரு சொல்லும் மாத்தாம.”

அப்படியே சொன்னேன். இந்த முறை அக்கா கீழே விழவில்லை.

“எங்கட ஊரில செல் எண்டா போன் இல்ல தம்பி,” என்றார். “என்ர மனுசனக் கொன்ற குண்டுக்குத்தான் அந்தப் பேர்.”

மாசி மாதம் அவர் ஏன் ரோட்டில் விழுந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அதற்குள் மலர்க்கொடி பொட்டலத்தைப் பிரித்து வாசலிலிருந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் முதலில் கத்திச் சொன்ன நல்ல சேதிதான் அவள் காதில் விழுந்திருந்தது, பிறகு நாங்கள் பேசியது கேட்கவில்லை.

“நீயும் எடுத்துக்கக்கா, ஒன் பொண்ணுக்காக,” என்று நீட்டினாள்.

அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். கறுத்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஒன்றை வாங்கிக்கொண்டார்.