துயா வேலியும் யோகம் அக்காவின் மிளகாய்த்தூளும்

1. பனிக்குள் நெருப்புப் பேச்சு

காட்டுத்தீக் காலத்துக்கு வீட்டை ஆயத்தப்படுத்துவது குளிர்கால வேலை என்று சொன்னால் புதிதாகச் சேரும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தவன்தான்.

தோட்ட வேலைக் கம்பனியில் எனக்கு முதல் நாள். பெப்ரவரி மாதம். மூக்கு இன்னும் முகத்தில் இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும், அப்படிக் குளிர். முதலாளி மார்க்குஸ் ஏணியைக் காட்டினார்.

"மேலை ஏறிப் பீலிக்குள்ளை கிடக்கிற பைன் ஊசி எல்லாத்தையும் அள்ளு. கோடையிலை காடு பத்தினால் பொறி பறந்து வந்து முதல்லை அதுக்குள்ளைதான் விழும்."

அவர் பேசியது ஜெர்மன். என் காதில் எல்லாமே யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

பனி கொட்டும்போது நெருப்பைப் பற்றிப் பேசும் மனிதரிடம் வேலைக்கு வந்துவிட்டோமே என்று யோசித்தபடி ஏறினேன். கூரையோரத்து மழைநீர்ப் பீலியில் இருந்து அள்ளிய ஈர ஊசியில் பாதி வாளிக்குள் போனது, மீதி என் சட்டைக் கழுத்துக்குள் போனது. அன்றிரவு மனைவி கேட்டா: "தோட்ட வேலைக்குப் போனனீங்களோ, முள்ளம்பன்றியோடை சண்டைக்குப் போனனீங்களோ?"

பிறகுதான் விளங்கியது. இங்கே ஜெர்மனியில் மார்ச் பிறந்துவிட்டால் உயிர்வேலியை அடியோடு வெட்டச் சட்டம் விடாது. குருவிகள் கூடு கட்டும் காலம். இலையுதிர்காலம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கோடை வந்து போய்விடும். ஆகவே நெருப்பு வேலை எல்லாம் பனிக்குள்தான்.

2. மீசை போன கதை

எங்கள் ஊருக்குப் பின்னால் பைன் காடு. காட்டை ஒட்டிய கடைசித் தெருவில் யோகம் அக்காவின் வீடு. அவ மிளகாய்த்தூள் வறுத்து விற்கிறவ. சுற்று வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் கறி சிவப்பது அவவின் கையால்தான். வீட்டுக்குள் வறுத்தால் திரைச்சீலை தொடக்கம் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை வரை மணக்கும் என்று, வீட்டு வளவின் கடைசியில் ஒரு மரக் கொட்டில் போட்டு, அதற்குள் கேஸ் அடுப்பும் பெரிய தாச்சிச் சட்டியும் வைத்திருந்தா. கொட்டிலைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேலே துயா என்னும் பசுமை மாறாச் செடியின் வேலி. வேலிக்குப் பின்னால் காடு.

துயா வெளியே பச்சை. கையை விட்டு விலக்கிப் பாருங்கள், உள்ளே முழுக்கக் காய்ந்த பழுப்புச் சருகு. பற்றினால் தீப்பந்தம்தான். இதெல்லாம் போதாதென்று அதன் நிழலில் கேஸ் சிலிண்டர். இன்னொரு பெப்ரவரியில் நெருப்பு ஆயத்த வேலைக்காக நான் போய்ப் பார்த்தபோது குளிரிலும் எனக்கு வியர்த்தது.

"அக்கா, இந்த வேலியை எடுக்கோணும். கொட்டிலையும் நடு வளவுக்குக் கொண்டு வரோணும்."

"ஏலாது தம்பி. வேறை என்னவெண்டாலும் செய். பீலியைத் துப்புரவாக்கு, விறகைச் சுவரிலை இருந்து தள்ளி அடுக்கு. வேலியிலை மட்டும் கை வையாதை."

"ஏனக்கா?"

அக்கா குரலைத் தாழ்த்தினா. "நான் நைற்றியோடை, தலையிலை துவாயைக் கட்டிக்கொண்டு, மூக்காலை வடிய வடிய வறுக்கிறதை அந்தக் கிரவுஸ மனிசன் பாக்கோணுமோ?"

கிரவுஸ பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற மனிதர். அக்கா தூள் வறுத்த முதல் கோடையில் வேலிக்கு மேலால் புகை போவதைக் கண்டு தீயணைப்புக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்கள் தண்ணீர் ஹோஸும் கையுமாக நின்று இருமினார்கள், நெருப்பைத்தான் காணவில்லை. பிறகு இன்னொரு தடவையும் வந்து இருமினார்கள். அதோடு தெருவே ஒரு முடிவுக்கு வந்தது: சனிக்கிழமை புகை வந்தால் அது யோகம், யாரும் போன் எடுக்க வேண்டியதில்லை. அக்காவுக்கு வெட்கம் வேலியைவிட உயரமாக வளர்ந்துவிட்டது.

வாயால் சொல்லி ஏறாது, செய்து காட்டுவோம் என்று எனக்கு மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்யும் நாட்களில் பக்கத்தில் ஆட்கள் நிற்காமல் இருப்பது நல்லது. வேலிக்குள்ளிருந்து ஒரு கைப்பிடிச் சருகை உருவினேன். கேஸ் அடுப்பை நடு வளவில் பனிக்கு மேல் வைத்து மூட்டி, சருகை அதன் மேல் நீட்டினேன்.

"இஞ்சை பாருங்கோ அக்கா, இது எப்பிடி..."

சொல்லி முடிக்கவில்லை. 'பக்' என்று ஒரு சத்தம். பனிக்குள் விழுந்து முகத்தைப் புதைத்து எழுந்தபோது என் மீசையின் இடப்பக்கம் இல்லை.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "ஐயோ தம்பி, பாதி மீசையோடை மனிசிக்கு என்ன சொல்லப் போறாய்?" பிறகு வேலியின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை ஒருக்கால் பார்த்தா. சிரிப்பு நின்றது.

"ஒரு பிடிக்கே இப்பிடியோ?"

"ஓம் அக்கா."

"அப்ப வெட்டு."

அந்த மாதம் முடிவதற்குள் வேலி போனது. அந்த இடத்தில் அகலமாகச் சல்லிக்கல் போட்டோம். கொட்டில் நடு வளவுக்கு வந்தது. பீலியைத் துப்புரவாக்கினோம். சிலிண்டரைத் தூரத்தில் கல் மேல் வைத்தோம். காட்டோரம் வரை எட்டும் ஹோஸ் ஒன்றை வெளிக் குழாயில் பூட்டினோம்.

அடுத்த சனிக்கிழமை வேலி இல்லாத வெட்டவெளியில் அக்கா வறுக்க, கிரவுஸ முதன்முறையாக முழுக் காட்சியையும் பார்த்தார். இருமிக்கொண்டே கிட்ட வந்து, "இது என்ன?" என்று கேட்டார். ஒரு போத்தல் தூளோடு திரும்பிப் போனார். ஹோஸ் எங்கே என்று அக்கா அவருக்குக் காட்டிக் கொடுத்தா. நைற்றியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். அதுவும் அக்காவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

3. இருமல் வராத சனிக்கிழமை

அதே ஆண்டு கோடையில் மழை எங்களை மறந்துவிட்டது. புல் காலடியில் அப்பளம் போல நொறுங்கியது. ஒரு சனிக்கிழமை ஹம் நகரில் கலியாணம். அக்காவும் போனா, நானும் போனேன். மீசை திரும்ப வளர்ந்து, கோட்டும் சூட்டுமாகச் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன். அக்கா போனோடு ஓடி வந்தா.

"தம்பி, கிரவுஸ கத்துறார். நீ வாங்கிக் கதை, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"உங்கடை பின்பக்கக் காட்டிலை நெருப்பு!" என்றார் கிரவுஸ. "புகை மணத்தது. யோகம்தான் வறுக்குது எண்டு பேப்பரை வாசிச்சுக்கொண்டிருந்தன். பிறகு பாத்தால் எனக்கு இருமல் வரேல்லை. எழும்பிப் பாத்தன், அடுப்படியிலை ஆளில்லை. உடனை 112க்கு அடிச்சிட்டன். இப்ப உங்கடை ஹோஸாலை தண்ணி அடிக்கிறன்."

"விட்டிட்டு விலகி நில்லுங்கோ ஐயா!"

"தீயணைப்புக்காரரும் வந்திட்டினம். அவையும் அதைத்தான் சொல்லிக் கத்தினம்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காட்டின் ஓரம் கறுப்பு. காய்ந்த புல்லில் ஊர்ந்து வந்த நெருப்பு சல்லிக்கல் வரை வந்து, பிடிக்க ஒன்றுமில்லாமல் படுத்துவிட்டது. பறந்த பொறிகள் வெறும் பீலிக்குள் விழுந்து அணைந்திருந்தன. தீயணைப்புக்காரர் ஒருவர் சல்லிக்கல்லுக்கிடையே தெரிந்த துயா அடிக்கட்டைகளைக் காலால் தட்டினார்.

"இதிலை வேலி நிண்டிருந்தால்..." என்றார்.

அக்கா தாச்சியை ஒருதரம் தடவிப் பார்த்தா. பிறகு கிரவுஸவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா, சிரித்தா. "வேலி நிண்டிருந்தால், அடுப்படியிலை ஆளில்லையெண்டு தெரியாமல் இந்த மனிசன் இருமல் வருமட்டும் பேப்பர் வாசிச்சிருக்கும்" என்றா. ஒரு நெருப்பு ஆயத்தக் கூட்டத்திலும் நான் கேட்காத பாடம் அது.

இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பீலியை அள்ளுங்கள், விறகைத் தள்ளி வையுங்கள், சருகு வேலியை மார்ச்சுக்கு முன் எடுங்கள், ஹோஸ் எட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். இவ்வளவும் செய்தபின், பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் அடுப்படி தெரிகிறதா என்றும் பாருங்கள். சருகு கொளுத்திக் காட்டும் யோசனை வந்தால் மட்டும் வீட்டுக்குப் போய்ப் படுங்கள்.

சனிக்கிழமைகளில் அந்தத் தெருவில் வேலை கிடைத்தால், மேலே ஏறுமுன் கொஞ்ச நேரம் காது கொடுத்து நிற்பேன். கிரவுஸ இருமுவது கேட்கும். ஏணியைச் சாத்திவிட்டு நிம்மதியாக ஏறுவேன்.