ஜன்னலுக்கு ஒரு ஸ்கோப்

கோழிக்கடையில் கத்தி எடுத்ததும் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொள்ளும் ஆள் நான். அப்படிப்பட்டவன் எழுபத்திரண்டு வயதில், தொலைதூர வேட்டைக்கு ஏற்ற ஸ்கோப் எது என்று மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்தேன். ஸ்கோப் என்றால் துப்பாக்கியின் முதுகில் பொருத்தும் குழாய். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும். என்னிடம் துப்பாக்கி கிடையாது. முப்பத்துநான்கு வருடம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன் என்பது உண்மைதான். ஆனால் அங்கே நான் எண்ணியது பீப்பாய்களை. நாங்கள் செய்த மருந்தில் ஒரு சிட்டிகைகூட என் காதுக்குக் கேட்கிற மாதிரி வெடித்ததில்லை.

எல்லாம் காட்டெருமைகளால் வந்தது. எங்கள் வீடு குன்னூருக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் தலைமாட்டில் இருக்கிறது. வாசலில் இறங்கும் ஒற்றையடிப் பாதை தேயிலைக்குள் வளைந்து வளைந்து போய், ஓடையைத் தாண்டித் தார்ச்சாலையில் முடியும். அங்கேதான் மாதா கோயில். என் மனைவி ஓய்வு பெற்ற ஆசிரியை. ஞாயிறு திங்கள் பார்க்காமல் தினமும் காலைப் பூசைக்குப் போகிறவள். மழையும் பனியும் முழங்கால் வலியும் அவளை நிறுத்தியதில்லை. காட்டெருமைகளுக்கும் அந்தப் பாதை பிடித்திருந்தது. இருட்டு கலைவதற்குள் காட்டுக்குள் திரும்பிவிடுவதுதான் அவற்றின் பழைய வழக்கம். இப்போது விடிந்த பிறகும் தேயிலைக்கு நடுவே சொந்த வீட்டைப்போல் படுத்துக்கிடக்கின்றன. கொஞ்ச நாளைக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போன ஒரு பெண்ணை ஒன்று முட்டித் தூக்கி எறிந்தது. பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மனைவி வாசல் இறங்கினால், அவள் தலை தேயிலைக்குள் மறையும்வரை ஜன்னலை விட்டு நகரமாட்டேன்.

அவளுக்கு அப்படியொன்றும் பயமில்லை. அவளிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து வேலைக்கு இறங்கும் பெண்கள் எங்கள் வாசலுக்கு எதிரே கூடுவார்கள். ஏழெட்டுப் பேர் சேரும்வரை யாரும் இறங்குவதில்லை. சேர்ந்ததும் ஊரைக் கூட்டுகிற குரலில் பேசிக்கொண்டே இறங்குவார்கள். குரல் முன்னால் போகும், மாடு விலகும், ஆள் பின்னால் போகலாம். அவ்வளவுதான் முறை. மனைவியும் அவர்களோடு போய்க்கொண்டிருந்தாள். என்ன, அவர்கள் கூடித் தீர்வதற்குள் பூசையில் பைபிளிலிருந்து படிக்கும் முதல் வாசகம் முடிந்துவிடும். அதில் அவளுக்கு வருத்தம்.

எனக்கு அந்த முறையே பிடிக்கவில்லை. எத்தனை மாடு, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று எந்த விவரமும் இல்லாமல் கத்திக்கொண்டு போவது ஒரு முறையா? ஜன்னலில் உட்கார்ந்து நானே பார்த்துச் சொல்வது என்று முடிவு செய்தேன்.

"பைனாகுலர் வாங்குங்க. நானும் எடுத்துப் பாப்பேனல்லோ," என்றாள் மனைவி.

பைனாகுலர் காட்டும், அளக்காது. ஸ்கோப்புக்குள் சிலுவைக்கோடு இருக்கிறது. அந்தக் கோட்டில் சீரான இடைவெளியில் புள்ளிகள் இருக்கின்றன. மாட்டின் உயரம் தெரிந்தால், அது எத்தனை புள்ளியை மறைக்கிறது என்று எண்ணி, வகுத்து, தூரத்தைச் சொல்லிவிடலாம். எண்ணுவதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்த பிறகு என்னைப் போன்ற ஒருவன் பைனாகுலர் வாங்குவானா?

ஃபோனில் ஒரு தாடிக்காரரைக் கண்டுபிடித்தேன். எந்த நாடோ தெரியவில்லை. பனிமலையின் இந்த முகட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்த முகட்டில் நிற்கும் ஆட்டைச் சுடுகிறவர். மனைவி ஜெபமாலை சொல்லும் நேரத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவரைப் பார்ப்பேன். சுடும் கட்டம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். ஸ்கோப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் திறந்துகொள்வேன். முன்கண்ணாடி எத்தனை அகலம், எத்தனை மடங்கு பெருக்கம், மூடுபனியில் எது துலக்கம் என்று எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். அவர் மாதிரி கட்டிலில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். எழுந்திருக்க மனைவி வரவேண்டியிருந்தது.

கடைசியில் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் மரியாதையான மனிதர்.

"எந்த ரைபிளுக்குங்க சார்?"

"ரைபிள் இல்லைங்க."

"அப்ப ஏர்கன்னுக்குங்களா?"

"அதுவும் இல்லைங்க. ஜன்னலுக்கு."

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு, "மரச் சட்டமுங்களா, இரும்புங்களா?" என்று கேட்டார். வாடிக்கையாளரை இழக்க விரும்பாத மனிதர்.

ஆறு மடங்கிலிருந்து இருபத்துநாலு மடங்குவரை திருகிக் கூட்டிக் குறைக்கும் ஒன்றை எடுத்துக் காட்டினார். நான் விடவில்லை. இதில் இரண்டு சாதி உண்டு என்று அவருக்கே பாடம் எடுத்தேன். ஒன்றில், உருவத்தைப் பெருக்கினால் புள்ளிகளும் சேர்ந்து பெருகும். எந்த மடங்கில் வைத்தாலும் கணக்கு சரியாக வரும். ஆனால் குறைந்த மடங்கில் புள்ளிகள் எறும்புபோலச் சிறுத்துவிடும். இன்னொன்றில் புள்ளிகள் அப்படியே நிற்கும். உருவம் மட்டும் பெருகும், சிறுக்கும். அதில் முழு இருபத்துநாலில் வைத்து எண்ணினால்தான் கணக்கு சரி. "என் கண்ணுக்கு இரண்டாவதுதான் தோதுங்க. எப்போதும் முழுசில் வைத்தே எண்ணுவேன். மறந்துபோய்க் குறைத்து வைத்து எண்ணுகிறவன் இதைத் தொடவே கூடாது," என்றேன். கடைக்காரர் கொட்டாவியை மறைத்துக்கொண்டு பில் போட்டார்.

ஸ்கோப்பைத் தேக்குக்கட்டை ஒன்றில் பொருத்தி, கட்டையை ஜன்னல் கம்பியில் கம்பி சுற்றி இறுக்கினேன். கீழேயிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் வாசலுக்கு எதிரே கூடிய பெண்களில் மூத்தவர், எல்லாருக்கும் முன்னால் இறங்குகிறவர், நிமிர்ந்து பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏனுங்க ஐயா! எங்களையச் சுடப்போறீங்களா, எண்ணப்போறீங்களா?"

"எண்ணத்தான்," என்றேன்.

"அப்ப சம்பளமும் நீங்களே போட்ருங்க. மேஸ்திரி எண்ணுனா எப்பவும் ஒரு தலை குறையுது!"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நான் எண்ணியிருந்தேன்.

சில வாரங்கள் எல்லாம் நன்றாக நடந்தது. மனைவி குடையோடு வாசலில் நிற்பாள். நான் ஜன்னலிலிருந்து அறிவிப்பேன்: "மூன்று உருப்படி. ஒன்று கன்று. அறுநூறு மீட்டர். எதிர்ச் சரிவு. போகலாம்." அவள் பெண்களுக்குக் காத்திராமல் இறங்கிவிடுவாள். முதல் வாசகம் கிடைக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம். அவளை அனுப்பிவிட்டுக் காப்பி குடிக்கும்போது, நாட்டின் எல்லையைக் காத்துவிட்டு வந்தவன்போல இருக்கும் எனக்கு.

பிறகு ஐப்பசி மழையோடு மூடுபனி வந்தது. இருபத்துநாலு மடங்கில் பார்த்தால் பால் டம்ளருக்குள் பார்ப்பதுபோல இருந்தது. வளையத்தைத் திருகிக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஆறுக்கு வந்ததும் வெளிச்சம் கூடி, பனிக்குள் கறுப்பாக ஒன்று தெரிந்தது. சுற்றிலும் மரமோ பாதையோ எதுவும் தெரியவில்லை. நாலைந்து தேயிலைச் செடியும் அந்த முதுகும் மட்டும்தான். நல்ல கொழுத்த காளை. புள்ளிகளை எண்ணினேன். நாலு. மனக்கணக்காக வகுத்தேன்.

"ஒரு உருப்படி. நானூற்றைம்பது மீட்டர். ஓடைக்கு அந்தப்பக்கம். நீ போ."

"நெசமாலுங்களா? எனக்கொண்ணும் தெரியலையே."

"உனக்கெப்படித் தெரியும்? நானூற்றைம்பது மீட்டர் என்கிறேனே."

அவள் குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். நான் கண்ணை எடுக்கவில்லை. காளை அசைபோட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதே வட்டத்துக்குள், காளையின் இடப்பக்கமாக, நீலமாக ஒன்று வந்தது. அவள் குடை.

நான் முதலில் செய்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வியந்தேன். கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை; இந்த முழங்காலோடு நானூற்றைம்பது மீட்டரை எப்படிக் கடந்தாள் என்று அவள் நடையின் வேகத்தைக் கணக்குப் போட ஆரம்பித்தேன். ஓட்டப்பந்தயக்காரியின் வேகம் வந்தது. அப்போதுதான் என் விரல் தானாக வளையத்துக்குப் போனது. ஆறு. இருபத்துநாலில் நான்கில் ஒரு பங்கு. அப்படியானால் தூரமும் நான்கில் ஒரு பங்குதான். காளை ஓடைக்கு அந்தப்பக்கம் இல்லை. முதல் வளைவில் நின்றது.

குடை நின்றுவிட்டது. காளை தலையைத் தூக்கியது. ஸ்கோப்பில் இரண்டும் ஒரே இடத்தில், கை நீட்டினால் தொட்டுவிடலாம்போல இருந்தன. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை; அதில் ஒரு எண்ணும் இல்லை என்பது மட்டும் நிச்சயம். வீட்டுச் செருப்போடு ஓடினேன். வாசலிலேயே ஒரு செருப்பு போய்விட்டது.

எதிரே கூடியிருந்த பெண்கள் நான் ஓடும் ஓட்டத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். அன்றைக்கு எட்டுப் பேருக்குக் காத்திருக்கவில்லை. மூத்தவர் கையிலிருந்த தூக்குச்சட்டியை, கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பால் தட்டிக்கொண்டு, "ஏ சாமீ! வழிய உடு சாமீ! டீச்சரம்மா கோயிலுக்குப் போகோணும்!" என்று ஒரு குரல் எடுத்தார். பின்னால் எல்லாரும் எடுத்தார்கள். அந்தச் சத்தம் என்னைத் தாண்டி, பனிக்குள் எனக்கு முன்னால் போயிற்று.

நாங்கள் வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது தேயிலைக்குள் ஏதோ பெரிதாக முறிந்து இறங்கிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. மனைவி குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். மூத்தவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, என் ஒற்றைச் செருப்பையும் பார்த்து, "ஐயா, ஜன்னல்ல இருந்ததை ஊட்டுலயே உட்டுட்டு வந்துட்டீங்களே," என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனைவி அவர்களோடு கோயிலுக்குப் போனாள். பூசையை விடவில்லை. திரும்பி வந்து, உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு கேட்டாள்:

"எத்தனை மீட்டர்னு சொன்னீங்க?"

"நானூற்றைம்பது."

"அது மூச்சு உடறது எனக்குக் கேட்டுச்சுங்க."

வளையத்தையும் புள்ளியையும் விளக்க வாயைத் திறந்தேன். இதே விளக்கத்தை ஸ்கோப் வாங்கி வந்த அன்று தோசைக்கு நடுவில் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன், கடைக்காரருக்கும் சொல்லியிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை அதே பனி. ஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட நினைத்தேன், அவள் விடவில்லை. வாசலில் குடையோடு நின்றுகொண்டு, "எவ்வளவு தூரம்னு கேக்கல. இருக்குதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க," என்றாள்.

கண்ணை வைத்தேன். வெள்ளை. திருகினேன். வெள்ளைதான். ஒரு முதுகுபோல இருந்தது, செடியாகவும் இருக்கலாம். நெடுநேரம் பார்த்தேன்.

"தெரியலை," என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை என் வாயிலிருந்து கேட்டதில்லையாம், பிறகு சொன்னாள். அப்போது குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்தாள்.

"அப்ப அவுங்க வர்ற வரைக்கும் உக்காந்திருக்கறேன். நீங்க காப்பி வைங்க."

வைத்தேன். அவள் குடித்து முடிப்பதற்குள் எதிரே பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. மூத்தவரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. மனைவி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டாள். நான் இரண்டு செருப்பையும் போட்டுக்கொண்டு அவள் பின்னால் இறங்கினேன். என்னோடு சேர்த்துப் பத்துப் பேர்.