அப்பா காத்திருந்த ஆறு மாதம்

என் வாய் சும்மா இருந்திருந்தால் அப்பா அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டிருப்பார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட.

நான் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மீன்களோடு வேலை செய்கிறேன். உடம்பில் கோடு போட்ட, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன். சேக்காட்டிலிருந்து விடிவதற்குள் கிளம்பி ஆவடியில் ரயிலைப் பிடித்தால்தான் அது முட்டை போடும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். அந்த முட்டைக்குள் மெல்லிய ஊசியால் ஒரு திரவத்தைச் செலுத்துவேன். நாங்கள் குறித்து வைத்த இடத்தில் அது மரபணுவை வெட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு சாப்பிட்ட மயக்கத்தில், அப்பாவுக்குக் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினேன். கண்ணாடி மாதிரி உடம்புள்ள மீன்குஞ்சு, உள்ளே இதயம் துடிப்பது தெரியும். "இதோட இதயத்துல ஒரு ஓரத்த வெட்டினாலும் ரெண்டு மாசத்துல திரும்ப வளந்துரும் நைனா" என்று பெருமையடித்தேன். என் வேலையைப் பற்றி ஒருநாளும் கேட்காதவர் அன்று மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

அடுத்த மாதம் அம்பத்தூர் ஸ்டேஷன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று குழாயில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். சம்மதப் படிவத்தை நீட்டியபோது அப்பா பேனாவை வாங்கவே இல்லை.

"ஆறு மாசம் போவட்டும் சார். என் பொண்ணு இதுக்குத்தான் வேல செய்யுது."

டாக்டர் என்னைப் பார்த்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இன்ஜின் பிரிவில் இருந்து ரிட்டையரானவர். அங்கே புது இன்ஜின் சோதனையில் இருக்கிறது என்றால் பழையதைப் பிரிக்க மாட்டார்களாம். வீட்டுக்கு வந்ததும் அதையே பிடித்துக்கொண்டார்.

"புதுசு ட்ரையல்ல கீது. இப்ப போயி பழச அறுத்து ஒட்டுப் போடுவாங்களா? உங்க ஆபீஸ்ல எம்பேர குடுத்து வையி."

"பேரு குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல நைனா. அங்க மீனு மட்டும்தான் இருக்கு."

"அப்படித்தான் சொல்லுவாங்க. விஷயத்த வெளிய உடமாட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். மனுஷன் அசையவில்லை. ஆறு மாதம் இப்படியே போனது.

அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்ததும் ஒருநாள் போட்டு உடைத்தேன்.

"நான் எதையும் சரி பண்ணல நைனா. நல்லா இருக்கற மீனோட மரபணுவ வெட்டிக் கெடுக்கறேன். வயசான ஆம்பளைங்க ரத்தத்துல ஒரு மரபணு தானா கெட்டுப்போவுது. அதே கோளாற மீனுக்கு வரவெச்சு, அதோட இதயம் எப்படிக் கெடுதுன்னு பாக்கறேன். அவ்ளோதான் என் வேல."

"அப்போ சரி பண்றது யாரு?"

"அது இன்னும் யாருக்கும் தெரியாது."

குனிந்து வீங்கிய காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு, "சரி, போலாம் வா. கையெழுத்துப் போடறேன்" என்றார்.

போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது, இனி ஆபரேஷனைத் தாங்காது, மாத்திரையில்தான் ஓட்ட வேண்டும் என்றார். அப்பா என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை.

மறுநாள் எதிர் வீட்டுக்காரர் வந்தார். அப்பாவோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். கக்கத்தில் ஸ்கேன் கவர். அவருக்கும் அடைப்பாம், ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்களாம்.

"நான் வேணாம்னுட்டேம்மா. உங்க நைனாதான் சொன்னாரு, இன்னும் கொஞ்ச நாள்ல நீயே அறுக்காம சரி பண்ணிடுவேன்னு."

ஐயோ, இவருமா! நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா மூச்சு வாங்க நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மச்சான், நான் சொன்னது தப்பு. நாளைக்கே போயி அட்மிட் ஆயிடு."

"அப்போ நீ?"

"எனக்கு டைம் தாண்டிப்போச்சுடா."

சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். இல்லை, இன்னும் டைம் இருக்கிறது என்று சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. என்னால் சொல்ல முடியவில்லை.