அட்டைத் தருமன் நிறுத்திய மாத்திரை

ஆரணியில் அட்டைத் தருமனைத் தெரியாதவன் தறிக்காரனே இல்லை. பட்டுப்புடவையின் பூவெல்லாம் தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு கருவியில் ஓடும் அட்டைத் துளைகளுக்குள்தான் இருக்கிறது. அந்தத் துளைகளைக் குத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், பட்டம் படித்தவன் கம்ப்யூட்டரில் போட்ட டிசைனிலேயே பிழை கண்டு தூக்கி எறிந்தவர்.

அப்படிப்பட்டவரைத்தான் வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபராணி நாலு பேர் எதிரில் கேட்டார்: "ரத்தப் புற்றுநோய் மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?"

"நாலு மாசமாச்சு. ஒடம்பு கல்லு மாரி கீது, அப்புறம் எதுக்கு?"

"யார் நிறுத்தச் சொன்னா?"

தருமனுக்குக் கோபம் தலைக்கேறியது. "மொத நாளு இன்னா சொன்னீங்க? ரெண்டு ஜீனு உடைஞ்சி, இடம் மாறி ஒட்டிகினுச்சுன்னீங்க. அட்டை மாத்திக் கோத்தா பூ கெடும், அவ்ளோதானே? ஒன்றரை வருஷம் முழுங்கிகினு இருந்தேன். ரிப்போர்ட்டு நல்லா வந்துச்சு. சரியாப்போன அட்டையை எவனாவது தெனம் திருத்துவானா?"

"நான் தலபாடா அடிச்சிகினேன், டாக்டரம்மா," என்றாள் மனைவி புஷ்பலதா. "எனக்கே அட்டை சொல்லித் தர்றியான்னு பாஞ்சாரு."

ஜெபராணியும் விடவில்லை. "அட்டை சரியாகவே இல்லீங்க. அந்தத் தப்பு ஜீனைப் பாத்து செல் ஒரு புரதம் செய்யுது. நல்ல புரதம், சேதி வந்தாத்தான் வேலை செய்யும். இது சேதியே வராம, 'பெருகு பெருகு'ன்னு அடுத்த புரதத்தை உசுப்பிகினே இருக்கும். மாத்திரை ஜீனைத் தொடாது. புரதத்தைத்தான் புடிச்சு வைக்கும். நீங்க விட்டுட்டீங்க. ரத்தத்துல அந்தத் தப்பு செல் எவ்ளோ ஏறிடுச்சு, பாருங்க!"

தருமனுக்கு அப்போதுதான் புரிந்தது. தப்பு அட்டை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது; நூலைத் தூக்கும் கொக்கியை மட்டும் மாத்திரை ஒரு கை போல அழுத்திப் பிடித்திருக்கிறது. கையை எடுத்ததும் கொக்கி எழும்பிவிட்டது. ஊரே கொண்டாடும் தன் மூளைக்கு இது எட்டவில்லையே என்ற ஆத்திரத்தில் மேசையை ஓங்கிக் குத்தினார்.

"மறுபடி கேக்குமா மாத்திரை?" என்றார்.

"பெரும்பாலும் கேக்கும். மூணு மாசம் கழிச்சு ரத்தம் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

அன்றிலிருந்து சாப்பாடு முடிந்ததும் புஷ்பலதா எதிரில் வந்து நிற்கிறாள்.

"முழுங்கியாச்சா? எங்க, வாயைத் தொறங்க."

"ஏன், எம்மேல நம்பிக்கை இல்லியா?"

"இல்லீங்க."

இன்னொருத்தி சொல்லியிருந்தால் சொம்பு பறந்திருக்கும். தருமன் அவளை முறைத்துக்கொண்டே வாயைத் திறக்கிறார்.