ஒரே சஹனில்

அமீர் நிஷாவைத் திருமலைராயன்பட்டினத்தில் யாரும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. அதிகம் வாய் பேசாதவள் என்பார்கள். எங்கே பேசக்கூடாது என்று தெரிந்தவள் அவள்.

தங்கை ஆரிபாவுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தொப்புள் பக்கம் குடல் இறங்கிவிட்டது. உடம்பு இளைத்தால்தான் ஆபரேஷன், இல்லையென்றால் தையல் நிற்காது என்றார் காரைக்கால் டாக்டர். அது எழுபத்தெட்டாம் வருஷம். ஆரிபா சோற்றைக் குறைத்தாள், சாயங்காலம் கொல்லையில் நடந்தாள், நன்றாகவே இளைத்தாள். நோன்பு மாதம் வந்ததும், மிச்சத்தை நோன்பே கரைத்துவிடும் என்று நம்பி விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டையும் விட்டாள். பகலெல்லாம் காய்ந்த வயிறு, நோன்பு திறந்ததும் கஞ்சியும் எண்ணெயில் பொரித்த வாடாவுமாகக் கேட்டது. பெருநாளுக்குள் ரவிக்கை மறுபடி இறுகியது.

அடுத்து ஒரு கல்யாணம். பெண்கள் பக்கம் சஹனுக்கு நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரிய தட்டில் நெய்ச்சோறு, ஆளுக்கொரு பக்கம்.

"ஆரிபா உக்காந்தா அந்த சஹனுக்கு ரெண்டு பேரே போதும்டி!" என்றாள் ஆஸியா பீவி மாமி. எல்லோரும் சிரித்தார்கள். ஆரிபா சோற்றில் கை வைக்காமலே எழுந்து போய்விட்டாள்.

அமீர் நிஷா சாப்பிட்டுவிட்டு, இருவரும் சேர்ந்திருந்த உம்மா வீட்டுக்கு வந்தபோது, தங்கை அடுப்படியில் நின்றபடி சட்டியிலிருந்து சோற்றை வாரித் தின்றுகொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

அமீர் நிஷா ஒரு தட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். "உக்காந்து சாப்புடு. நானும் அங்க சாப்புடல." சொன்னது பொய். இருந்தும் கூடவே உட்கார்ந்து நாலு வாய் தின்றாள்.

"எல்லாம் ஏறிப்போச்சு லாத்தா. இனி எந்த மூஞ்சிய வச்சிகிட்டு டாக்டர்கிட்ட போறது? நான் வரல."

"இதே மூஞ்சிதான். வேறெங்க போயி வாங்குவே?"

ஆரிபாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அந்த டாக்டரிடம் இருந்த கம்பவுண்டர், எடையை ஏலக்காரன் மாதிரி உரக்கச் சொல்லுகிறவர். தங்கையைக் கூட்டிக்கொண்டு போன அன்று, அவர் வாயைத் திறக்குமுன் அமீர் நிஷா தடுத்தாள். "டாக்டருக்குத் தெரிஞ்சா போதுங்க. தெருவுக்கு வேணாம்." டாக்டரிடம், "ஏறிருக்குன்னு தெரிஞ்சுதான் வந்திருக்கோம். இனி என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அதன்பிறகு எண்ணெய்ப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, வீட்டில் வாடா சுடுவதை விட்டாள். அவள் பிள்ளைகள்தான் முணுமுணுத்தார்கள். தங்கையின் தட்டை அவள் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஆரிபாவின் புருஷன் விடுப்பில் வந்தபோது விருந்தும் எடையும் கூடின. உம்மா மவுத்தாகி வீடு துக்கத்தில் இருந்தபோது, இறங்கியிருந்த எடை மறுபடி ஏறியது. ஒவ்வொரு தடவையும் லாத்தா துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "வா, போயிட்டு வந்துடலாம்" என்பாள். அவ்வளவுதான்.

இன்னொரு கல்யாணத்தில் அவளே கூப்பிட்டாள். "ஆஸியா மாமி, எங்க சஹன்ல இடமிருக்கு, வாங்க. கிட்டயிருந்தே பாக்கலாம்." மாமி வந்து உட்கார்ந்தவள், கடைசி வரை தலை நிமிரவில்லை. ஆரிபா தன் பக்கத்தில் போதுமான அளவு சாப்பிட்டுவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

எண்பதில், மழைக்காலம் முடிந்து ஒரு காலை, ஆரிபா எடை மிஷினில் ஏறினாள். முள் டாக்டர் கேட்ட எடையில் நின்றதைப் பார்த்ததும் கம்பவுண்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கத்தவே வாய் திறந்தார். பக்கத்தில் அமீர் நிஷாவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, டாக்டர் அறைக்கு எழுந்து போய் ஆபரேஷனுக்கு நாள் கேட்டு வந்தார்.