சர்ஜனும் கீழ்த்தளத்துக் கதவுகளும்

சர்க்கரை என்று சீட்டு ஒட்டிய டப்பாவைத் திறந்து, விரல் நுனியில் துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் அவர் தேநீரில் போடுவார். சீட்டை எழுதி ஒட்டியவரும் அவரேதான். "சீட்டு வெளிய இருக்கு. உள்ள என்ன இருக்குங்கிறது வேற விஷயம்" என்பார். இந்தப் பழக்கத்தை ஒழிக்க ஒருமுறை அவர் மனைவி அதில் உப்பைக் கொட்டி வைத்தாள். அவருக்குக் கோபமே வரவில்லை. பரிசு விழுந்தவர் மாதிரி அன்று முழுக்கச் சிரித்த முகமாகத் திரிந்தார். "பாத்தியா, நான் சொன்னேன்ல?" திருத்தப் போனவள் அன்றோடு அந்த முயற்சியைக் கைவிட்டாள்.

அலுவலகத்தில் அவர் பெயர் சர்ஜன். அவர் கத்தி பிடிப்பவர் அல்ல, மென்பொருள் எழுதுகிறவர். மற்றவர்கள் நிரலில் ஒரு மாறியில் மதிப்பைப் போடுவார்கள், எடுப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். இவருக்கு அது ஆகாது. அந்த மதிப்பை நிரல்மொழி தன் வயிற்றுக்குள் எப்படி வைத்திருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் சோறு இறங்கும். அவர் எழுதும் ஸ்கிரிப்ட் மொழியில் மாறி என்பது ஒரு டப்பா. அதற்குள் எழுத்துக்கு ஓர் அறை, எண்ணுக்கு ஓர் அறை. எந்த அறையில் இருப்பது செல்லுபடியாகும் என்று காட்ட மூடியின் மேல் குட்டிக் கொடிகள். கொடிகளை ஏற்றி இறக்குவது மொழியின் வேலை, மனிதர்கள் அதில் தலையிடுவதில்லை. சர்ஜன் பின்பக்கமாகக் கையை விட்டுத் தானே ஏற்றுவார், தானே இறக்குவார்.

டப்பாவின் உள்ளிருப்பதை அப்படியே திரையில் கொட்டிக் காட்டும் கருவி ஒன்று அவரிடம் உண்டு. அது கக்கும் வரிகளை ரத்தப் பரிசோதனை முடிவு பார்ப்பது போல மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிப்பார். கொடி எங்காவது கோணலாக நின்றால், "அடப்பாவி, இங்கயா இருக்க?" என்று பாசமாகத் திட்டுவார்.

"ஏன் சர்ஜன், இதெல்லாம் தேவையா?" என்பாள் பக்கத்து மேசைக்காரி.

"தேவையான்னு கேக்க ஆரம்பிச்சா உலகத்துல பாதி வேலை நின்னுடும்மா."

அவருடைய ஆகப் பெரிய அறுவைச் சிகிச்சை ஓர் ஓட்டலுக்காகச் செய்தது. கீழ்த்தளத்து அறைகளின் எண்கள் 012, 015 என்று பூஜ்யத்தில் தொடங்கும். கதவில் காட்ட அது எழுத்தாக இருக்க வேண்டும். வரிசைப்படுத்த எண்ணாக இருந்தால் சுலபம். சர்ஜன் யோசித்தார். ஒரே டப்பாவில் எழுத்தறைக்குள் 012, எண்ணறைக்குள் 12, இரண்டு கொடிகளையும் கையால் ஏற்றிவிட்டார். "ஒரே வீடு, ரெண்டு குடித்தனம், சண்டையே கிடையாது!" என்று நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். நாலு பேரும் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அந்த ஓட்டலின் வரவேற்பு மேசைக்குத் தலைவி அவர் மனைவி. இரும்புச் சாவிகளை நிலவறைக்கு அனுப்பிவிட்டு, அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும் இந்த ஏற்பாட்டை உள்ளே கொண்டுவந்தவளும் அவள்தான். "என் பொறுப்பு மேடம்" என்று மேலாளரம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்கு மென்பொருள் எழுதுகிறவர் தன் வீட்டுக்காரர் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மென்பொருளின் புதிய பதிப்பு ஏறிய மறுநாள் காலையில் அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"என்னங்க, கீழ ஒரு கதவும் தொறக்கல."

"மேல?"

"மேல எல்லாம் தொறக்குது."

"அட! சுவாரசியமா இருக்கே."

"சுவாரசியமா? நீச்சல் குளத்துலேருந்து வந்த மனுஷன் இடுப்புத் துண்டோட நிக்கிறார். பழைய சாவிய எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க மேடம். அது மேல வந்துட்டா உங்க அட்டையும் போச்சு, என் பேச்சும் போச்சு. உடனே வாங்க. வந்து என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

வந்தார். மனைவியைப் பார்த்து, கோயில் சிலையைக் கும்பிடுவது போல இடுப்பை வளைத்து, "வணக்கம் மேடம். நாம இதுக்கு முன்னால பாத்ததே இல்ல" என்றார். அவள் பல்லைக் கடித்தாள்.

மேலாளரம்மா நீட்டி முழக்கவில்லை. "சாவி எடுக்க ஆள் போயிருக்கு. அவர் வர்றதுக்குள்ள உங்க வித்தையக் காட்டுங்க சார்."

"கொஞ்சம் சீக்கிரம்" என்றார் துண்டுக்காரர். குளிர்சாதனக் காற்று நேராக அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.

மேசை ஓரத்தில் மடிக்கணினியை விரித்து, டப்பாவைத் திறந்து கொட்டினார் சர்ஜன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். படித்தார். அடப்பாவி என்றுகூடச் சொல்லவில்லை. அவள் நிலவறைப் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். அறை எண்ணைப் பொட்டலம் கட்டிப் பூட்டுக்கு அனுப்பும் நிரல், முந்தின நாள்வரை எழுத்தறையைத்தான் முதலில் பார்த்தது. புதிய பதிப்பு எண்ணின் கொடி பறக்கிறதா என்று முதலில் பார்க்கிறது. பறந்தது, ஏற்றியவர் சர்ஜன். ஆகவே, "இவர் 12க்கு வந்தவர்" என்று செய்தி போனது. கதவோ, "பன்னிரண்டா? அது யாரோ, நான் 012" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாடியில் 101 எப்படிப் பார்த்தாலும் 101தான். அதனால் அங்கே வம்பில்லை.

அவர் விரல்கள் தாமாகவே டப்பாவின் பின்பக்கத்தை நோக்கி நகர்ந்தன. கொடியைக் கையால் இறக்கினால் போதும். குடித்தனம் செய்தவளுக்கு அந்த விரல்களின் போக்கு தெரியாதா?

"சார்," என்றாள் மெதுவாக, "உள்ள கைய விடாம பண்ண முடியாதா?"

"முடியும் மேடம். ஆனா கேவலமா இருக்கும்."

"பரவால்ல, பண்ணுங்க."

அனுப்பும் இடத்தில் அறை எண்ணைச் சுற்றி இரண்டு மேற்கோள் குறிகள் போட்டார். எழுத்தை மட்டும் புது டப்பாவில் எடுத்துக் கொடு என்று அதற்கு அர்த்தம். முதல் வாரம் படிக்க வந்தவர்கூடப் போட்டிருப்பார். வயிற்றைத் திறக்கக் கத்தியோடு வந்தவர் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு எழுந்தது போலிருந்தது அவர் முகம்.

அதற்குள் இரும்புச் சாவி வளையத்தைக் குலுக்கிக்கொண்டு ஆள் வந்துவிட்டார்.

"யார் பண்ண தப்பு?" என்றார் மேலாளரம்மா.

புதுப் பதிப்பு என்று சொல்லியிருக்கலாம், அதில் பொய்யும் இல்லை. வீட்டில் தேநீர் பொங்கி வழிந்தால் அடுப்பையும் பாத்திரத்தையும் குற்றம் சொல்லுகிற மனிதர்தான். அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மேடம்" என்றார். "ஒரு டப்பாவுல ரெண்டையும் வச்சேன். வைக்க வேண்டிய தேவையே இல்ல. அழகா இருந்துச்சுன்னு வச்சேன்."

மேலாளரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். எல்லோரும் துண்டுக்காரரின் 012க்கு நடந்தார்கள். அட்டை பட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. துண்டுக்காரர் ஒரு காலை உள்ளே வைத்தார். சர்ஜன் அவர் தோளைப் பணிவாகப் பிடித்து வெளியே இழுத்து, கதவைச் சாத்தி, அட்டையைத் திரும்பக் கையில் கொடுத்தார்.

"ஒரு தடவ தொறந்தத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார். இன்னொரு தடவ பாத்துடலாம்."

மேலாளரம்மா அவளிடம் திரும்பினார். "பொறுப்பு உங்களோடது. சொல்லுங்க, இவர நம்பலாமா?"

"நம்பலாம் மேடம்" என்றாள் அவள். "வீட்லயும் இப்படித்தான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேலாளரம்மா அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டு சாவிக்காரரிடம், "கொண்டு போய் வச்சுடுங்க" என்று கையசைத்தார்.

சர்ஜன் இதில் எதையும் காதில் வாங்கவில்லை. இரண்டாம் தடவை கதவு திறந்ததும் துண்டுக்காரர் ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். சர்ஜன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மூடிய கதவை விரல் முட்டியால் மெல்லத் தட்டினார்.

"சார், கொஞ்சம் வெளிய வாங்களேன். இன்னும் ஒரே ஒரு தடவ."